ஸ்கை தீவில் காட்டேஜ் எடுக்கப் போகிறீர்களா? ஜன்னலை விடுங்கள், அடுக்களையைப் பாருங்கள்

ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுக்குக் குடும்பத்தோடு போகிறோம், எந்த வீட்டை எடுக்கலாம் என்று யாராவது லிங்க் அனுப்பினால், கடல் தெரியும் அந்தப் பெரிய ஜன்னல் படத்தை நான் தாண்டிப் போய்விடுவேன். அடுக்களைப் படம், குளியலறைப் படம், வாசலை ஒட்டிய சின்ன அறையின் படம், இந்த மூன்றையும்தான் தேடுவேன். தீவு கிட்டத்தட்ட 50 மைல் நீளம், ஆனால் கரை உள்ளே உள்ளே நுழைந்து வளைந்து கிடப்பதால் கடலை விட்டு வெகு தூரம் தள்ளி வீடு கட்டுவதுதான் அங்கே கஷ்டம். ஆகவே கடல் எப்படியும் தெரியும். தெரியாத நாளும் வரும், காலையில் எழுந்து பார்த்தால் வேலிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இருக்காது, வெறும் வெள்ளை. அந்த மாதிரி நாளில் வீட்டுக்குள் இத்தனை பேர் சண்டை போடாமல் சாப்பிட்டு, துணி காய வைத்து, குளித்து, தூங்க முடியுமா என்பதுதான் கேள்வி. வெயிலடிக்கும் நாளில் எந்த வீடும் நல்ல வீடுதான், மழை நாளை நினைத்துத்தான் வீடு பிடிக்க வேண்டும்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில். போகும்போது எங்கள் வீடு, நாத்தனார் வீடு, கோடைக்கு ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தை மாமா என்று ஒரு பட்டாளமே கிளம்பும். இத்தனை பேருக்கு ஓட்டல் அறை என்றால் காசு ஒரு பக்கம் இருக்கட்டும், ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு குழந்தை பசிக்கிறது என்று அழுதால் ஓடிப்போய் வாங்கிக் கொடுக்க அந்தத் தீவின் பெரும்பகுதியில் ஒரு கடை திறந்திருக்காது. நல்ல உணவகங்கள் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் கோடையில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், அதுவும் இவ்வளவு பெரிய கூட்டத்துக்கு ஒரே மேசை கிடைப்பது லேசில்லை. மாமாவுக்கோ தொடர்ந்து சாண்ட்விச் கொடுத்தால் முகமே மாறிவிடும். எனவே நாமே சமைத்துக்கொள்ளும் வீடுதான் எங்களுக்குச் சரி.

வீட்டைப் பார்க்கும்போதே ஒன்றைக் கவனித்துவிடுங்கள். ஸ்காட்லாந்தில் இப்படிக் குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விடும் வீடுகளுக்கு இப்போது உரிமம் கட்டாயம். ஏற்கெனவே நடத்திக்கொண்டிருந்தவர்களும் 2023 அக்டோபர் 1-க்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும் என்று வைத்தார்கள். விளம்பரத்திலேயே உரிம எண் இருக்கும், எத்தனை பேர் தங்கலாம் என்பதும் அந்த உரிமத்தில் அடங்கியதுதான். அதனால் 'சின்னப் பிள்ளைதானே, ஒரு பாயை விரித்தால் போச்சு' என்ற நம் கணக்கு அங்கே செல்லாது. பதிவு செய்யும்போதே தலையை எண்ணிச் சரியாகச் சொல்லிவிடுங்கள், கைக்குழந்தை இருந்தால் தொட்டில் கட்டில் உண்டா என்றும் அப்போதே கேளுங்கள்.

சரி, அடுக்களைக்கு வருவோம், எனக்கு நிறையச் சொல்ல இருப்பது இங்கேதான். ஸ்கையில் குழாய் வழி எரிவாயு கிடையாது. ஆகவே வீட்டில் இருப்பது இண்டக்ஷனாக இருக்கலாம், சாதாரண மின் தட்டாக இருக்கலாம், சில பழைய வீடுகளில் வெளியே சிலிண்டர் வைத்த கேஸ் அடுப்பாக இருக்கலாம். முதல் இரண்டும் படத்தில் ஒரே மாதிரி கறுப்புக் கண்ணாடியாகத்தான் தெரியும், உரிமையாளருக்கு ஒரு வரி எழுதிக் கேட்பதைத் தவிர வழியில்லை. இண்டக்ஷன் என்றால் ஊரிலிருந்து தூக்கி வந்த அலுமினியக் குக்கர் அங்கே வெறும் பாத்திரம், அடுப்பு அதை அடையாளமே கண்டுகொள்ளாது. ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள், நன்றாக ஒட்டினால் வேலை செய்யும். இரும்புத் தோசைக்கல் ஒட்டும்தான், ஆனால் அடி லேசாக வளைந்திருந்தால் நடுவில் மட்டும் கருகி ஓரம் மாவாகவே நிற்கும், இழுத்து நகர்த்தினால் கண்ணாடியில் கீறலும் விழும், அந்தக் கீறலுக்கு முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். நான் எடுத்துப் போவது அடி கனமான எவர்சில்வர் குக்கர் ஒன்று, தட்டையான தோசைத் தவா ஒன்று, எங்கள் வீட்டுக் கத்தி ஒன்று. வாடகை வீட்டில் ஒயின் கிளாஸ் டஜன் கணக்கில் அடுக்கி வைத்திருப்பார்கள், தக்காளி நறுக்குகிற மாதிரி ஒரு கத்தி மட்டும் இருக்காது, இது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதைவிட முக்கியம் அலாரம். 2022 பிப்ரவரியிலிருந்து ஸ்காட்லாந்தில் எல்லா வீடுகளிலும் ஒன்றோடொன்று இணைந்த அலாரங்கள் இருக்க வேண்டும் என்று சட்டம். அதிகம் புழங்கும் கூடத்தில் ஒன்று, ஒவ்வொரு தளத்திலும் நடையில் ஒன்று, இவை புகைக்கு அடிப்பவை. அடுக்களையில் இருப்பது சூட்டுக்கு அடிப்பது. ஒன்று அடித்தால் எல்லாம் சேர்ந்து அடிக்கும். ஒரு மழை நாள் சாயங்காலம் அத்தை வத்தக்குழம்புக்குத் தாளித்தார். அந்த வீட்டில் அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவே சுவரே கிடையாது, படத்தில் பார்க்க அவ்வளவு அழகு. கடுகு வெடித்து, வெந்தயம் சிவந்து, மிளகாயைக் கிள்ளிப் போட்ட அடுத்த நொடி எங்கள் எல்லாருக்கும் இருமல், அதற்கடுத்து கூடத்துக் கூரையில் ஆரம்பித்தது சத்தம், அப்புறம் மாடியில், அப்புறம் வாசல் நடையில். தூங்கிக்கொண்டிருந்த சின்னவன் அலறியபடி இறங்கி வருகிறான், மாமா காதைப் பொத்திக்கொண்டு மழையிலேயே வாசலுக்குப் போய்விட்டார். "ஏம்மா, நான் தாளிச்சதுக்கா இந்த வீடே இப்படிக் கத்துது?" என்று அத்தை கரண்டியும் கையுமாக நிற்கிறார். நாத்தனார் வீட்டுக்காரர் நாற்காலி போட்டு ஏறி, கையில் எட்டியதை அமுக்கிப் பார்க்கிறார், நின்றபாடில்லை. பெரும்பாலும் முதலில் அடித்த அலாரத்தில்தான் சிவப்பு விளக்கு வேகமாக மின்னும், அதன் பொத்தானை அமுக்கினால்தான் மற்றவையும் அடங்கும், கூடவே ஜன்னலையெல்லாம் திறந்துவிட வேண்டும். சில வீடுகளில் அடக்குவதற்கென்றே சுவரில் ஒரு ஸ்விட்ச் வைத்திருப்பார்கள். போய் இறங்கியதும் அது எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தொல்லை தாங்கவில்லை என்று அலாரத்தைக் கழற்றி வைக்கிற வேலை மட்டும் வேண்டாம், விறகு ஸ்டவ் எரியும் வீட்டில் தூங்கப் போகிறீர்கள்.

அதற்குப் பிறகு இரண்டு விஷயம் மாறியது. ஒன்று, கதவு போட்டு மூடுகிற தனி அடுக்களை உள்ள வீடாகத் தேடுகிறேன். கூடமும் அடுக்களையும் ஒன்றாக இருக்கும் வீட்டில் தாளிக்கும் வீட்டாருக்கு நிம்மதி இருக்காது. இரண்டு, காரமான தாளிப்பெல்லாம் எங்கள் வீட்டிலேயே முடிந்துவிடும். புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, வத்தக்குழம்பு இதெல்லாம் நல்லெண்ணெய் மிதக்க பாட்டிலில் வரும், பருப்புப் பொடியும் ரசப்பொடியும் வரும், அங்கே சோறும் பருப்பும் வேக வைத்தால் போதும். சின்னதாகத் தாளித்தே ஆக வேண்டுமென்றால் மிளகாயைக் கிள்ளாமல் முழுசாக, கடைசியில் போட்டு, நிறம் மாறுமுன் குழம்பில் கொட்டிவிடுவது.

பருப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தென்கிழக்கு இங்கிலாந்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், சுண்ணாம்பு நிறைந்த அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் முழுசு முழுசாக நிற்கும். ஸ்காட்லாந்து மலைப்பக்கத் தண்ணீர் மென்மையானது. வழக்கமான விசில் கணக்கில் வைத்துத் திறந்தால் பருப்பு கரைந்து கஞ்சியாகியிருக்கும், அத்தைக்கு அதில் அவ்வளவு சந்தோஷம், "நம்ம ஊர் கிணத்துத் தண்ணி மாதிரி இருக்கும்மா" என்று. டீயும் அப்படித்தான், மேலே ஏடு கட்டாது. தனியாக நிற்கும் வீடுகள் சிலவற்றில் அரசுக் குழாய் இருக்காது, ஊற்றுத் தண்ணீரையோ ஓடைத் தண்ணீரையோ வடிகட்டி, புற ஊதா விளக்கு வழியாக விட்டு எடுப்பார்கள், கரிச்சதுப்பு நிலத்தின் வழியே வருவதால் தொட்டியில் பிடித்தால் வெளிர் டீ நிறம் தெரியும். அந்த நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் சுத்திகரிப்புக் கருவி ஓடுகிறதா, அப்படியே குடிக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் அந்த விளக்கும் அணைந்துவிடும் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் படுக்கையறை எத்தனை என்பதைவிட எங்கே என்பதைப் பாருங்கள். பழைய விவசாயி வீடுகளைத் திருத்தியவைதான் அங்கே நிறைய. தடித்த சுவர், தாழ்ந்த கதவு நிலை, கூரைச் சரிவுக்குள் அடங்கிய மாடி அறைகள், ஏணி மாதிரி செங்குத்தான படிக்கட்டு. மாமாவின் முழங்கால் நடு ராத்திரி அதில் ஏறி இறங்காது. கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறையும் அதே தளத்தில் கழிவறையும் இருந்தே ஆக வேண்டும் என்பதில் நான் பிடிவாதம். ஷவர் குளியல் தொட்டிக்குள் நின்று குளிப்பதா, நேராக நடந்து போய் நிற்பதா என்பதையும் படத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். மின்சார ஷவர் என்றால் கூரையிலிருந்து ஒரு கயிறு தொங்கும், அதை இழுத்தால்தான் சூடு வரும், பெரியவர்களுக்கு முதல் நாளே காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த தண்ணீரில் குளித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்து உட்கார்ந்திருப்பார்கள். சூடான தண்ணீர் தொட்டியில் தேங்கி வருகிற வீட்டில் வரிசையாக நாலு பேர் குளித்தால் ஐந்தாவது ஆளுக்கு இருக்காது, பாதிப் பேர் ராத்திரியில் குளிப்பதுதான் வழி. அப்புறம் ஒரு சொம்பு எடுத்துப் போங்கள். எதற்கு என்று நான் சொல்லத் தேவையில்லை.

வாசலை ஒட்டிய சின்ன அறை என்று சொன்னேனே, பூட்ஸையும் ஈரக் கோட்டையும் கழற்றிப் போடுகிற இடம். அது இல்லாத வீட்டில் இரண்டாம் நாளே சோஃபா முதல் கட்டில் கம்பி வரை ஈரத்துணி தொங்கும். துணி உலர்த்தும் மெஷின் இருந்தால் இன்னும் நல்லது, இருக்கிறது என்று நாமே நினைத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்தது வீடு தீவில் எங்கே இருக்கிறது என்பது. ஸ்கை சின்னத் தீவு இல்லை, சுமார் 1,650 சதுர கிலோமீட்டர். வரைபடத்தில் மைலைப் பார்க்காமல் நேரத்தைப் பாருங்கள். தீவின் தெற்கே உள்ள பிராட்ஃபோர்டு ஊரிலிருந்து எல்கோல் கிராமம் 15 மைல்கூட இல்லை, ஆனால் ஒற்றைத் தடச் சாலையில் முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும், வழியில் ஆடு படுத்திருந்தால் அது எழுந்து போகும் வரை நின்று வேறு பார்க்க வேண்டும். முதல் தடவை போகிறவர்கள், குழந்தைகளோடு போகிறவர்கள், தீவின் பெரிய ஊரான போர்ட்ரீயிலிருந்து இருபது நிமிடத்துக்குள் வீடு எடுங்கள் என்பதுதான் என் கட்சி. மேற்குக் கோடியில் நீஸ்ட் பாயிண்ட் கலங்கரை விளக்கத்துப் பக்கம் இருக்கும் வீடுகளின் படங்கள் கண்ணைப் பறிக்கும், ஆனால் பால் தீர்ந்து போன அன்றைக்குத்தான் அந்தத் தூரம் தெரியும். ஒரு வாரத்துக்கு ஒரே வீடு போதும், நடுவில் மூட்டை கட்டி இன்னொரு வீட்டுக்கு மாறுவது பெரிய குடும்பத்துக்குச் சரிப்படாது.

ஒற்றைத் தடச் சாலை ஓட்டுவதற்குப் பழக வேண்டும். ஒரு காருக்குத்தான் அகலம், இடையிடையே 'பாஸிங் பிளேஸ்' என்று பலகை வைத்து ஒதுங்க இடம் விட்டிருப்பார்கள். அது உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதில் ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அங்கே குறுக்கே போகாமல், அதற்கு நேராக உங்கள் பக்கத்திலேயே நின்றுவிடுங்கள், எதிரே வருகிறவர் அதற்குள் நுழைந்து தாண்டிப் போவார். பின்னால் உள்ளூர்க்காரர் அவசரமாக வந்தால் அவரை முன்னே விடுவதற்கும் அதே இடம்தான். போட்டோ எடுக்க அதில் காரை நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் மேல் அங்கே எல்லாருக்கும் கோபம், நியாயமான கோபம். புல் ஓரம் கெட்டியாக இருப்பது போலத் தோன்றும், சக்கரத்தை இறக்கினால் கரிச்சதுப்பில் பதிந்துவிடும். வழி விட்டவருக்குக் கையை ஒருதரம் தூக்கிக் காட்டுவது மரியாதை, பின்சீட்டுப் பிள்ளைகளுக்கு அதுவே விளையாட்டு.

தீவுக்குப் போவதில் சிரமம் ஒன்றும் இல்லை. 1995-ல் பாலம் கட்டிவிட்டார்கள், 2004 கடைசியிலிருந்து அதற்குச் சுங்கமும் கிடையாது. படகில்தான் போவேன் என்றால் மாலேக்கிலிருந்து ஆர்மடேலுக்குப் பெரிய படகு இருக்கிறது, கோடையில் காரோடு போக முன்பதிவு அவசியம், காற்று பலமானால் ரத்தாகும். எனக்குப் பிடித்தது கிளெனெல்கிலிருந்து கைல்ரியாவுக்குப் போகும் குட்டிப் படகு. ஆறு கார்தான் ஏறும். கார் நிற்கும் தளத்தையே ஆள் கையால் தள்ளிச் சுழற்றித் திருப்பிக் கரைக்கு நேராக நிறுத்துவார்கள், பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். ஈஸ்டர் வாக்கிலிருந்து அக்டோபர் வரைதான் ஓடும், அங்கே போகும் மலைப்பாதை செங்குத்து, வாந்தி எடுக்கிற பிள்ளை உள்ளவர்கள் பாலத்தையே பிடியுங்கள்.

மளிகையில் நம் சாமான் எல்லாம் வீட்டிலிருந்தே: அரிசி, பருப்பு, புளி, கறிவேப்பிலை, துருவிய தேங்காய் உறைந்த பாக்கெட், ஐஸ் பெட்டியில். பால், முட்டை, காய், தயிர் எல்லாம் இன்வர்னஸிலோ ஃபோர்ட் வில்லியமிலோ உள்ள பெரிய சூப்பர் மார்க்கெட்டில் முடித்துக்கொண்டு தீவுக்குள் போங்கள். போர்ட்ரீயிலும் பிராட்ஃபோர்டிலும் கோ-ஆப் கடை உண்டு, அன்றாடத்துக்கு அதுவே போதும். ஆனால் வாடகை வீடுகளில் பாதிக்குச் சனிக்கிழமைதான் ஆள் மாறும் நாள், எல்லாரும் அன்று சாயங்காலமே கடைக்கு வருவார்கள், பிரெட் அலமாரி காலியாக இருக்கும். சாலையோரம் பெட்டி வைத்து முட்டை விற்பார்கள், ஆள் இருக்காது, காசை டப்பாவில் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான், அதற்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு அங்கே லாங்குஸ்டீன் என்று நண்டுக்கும் இறாலுக்கும் நடுவில் ஒரு ஜாதி கிடைக்கும், துறைமுகத்துப் பக்கம் விசாரியுங்கள். மசாலா வேண்டாம், வெண்ணெயும் பூண்டும் போதும், இதில் அத்தையும் நானும் ஒரே கட்சி.

எப்போது போவது என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் மிட்ஜ் என்று ஒரு கடிக்கும் பூச்சி இருக்கிறது. கொசுவில் கால்வாசிகூட இருக்காது, தனியாக வராது, மேகமாக வரும். மே கடைசியில் ஆரம்பித்து செப்டம்பர் வரை இருக்கும், ஜூலையிலும் ஆகஸ்டிலும் உச்சம். காற்றில்லாத, மப்பும் ஈரமுமான காலையும் சாயங்காலமும் அதற்கு ரொம்பப் பிடிக்கும். மணிக்கு ஏழெட்டு மைல் வேகத்தில் காற்றடித்தால் பறக்க முடியாது, வெயில் சுள்ளென்று அடித்தாலும் ஒதுங்கிவிடும். அதனால் கடலோரத்தில் காற்று படுகிற மேட்டில் நிற்கும் வீடு, மரம் சூழ்ந்த பள்ளத்து வீட்டைவிட நூறு மடங்கு மேல். வாசலில் உட்கார்ந்து டீ குடிக்கலாம் என்று படம் போட்டிருந்தால் சுற்றிலும் மரம் இருக்கிறதா என்று பாருங்கள். தலையை மூடும் வலைத் தொப்பி பார்க்கச் சிரிப்பாக இருக்கும், போட்டுக்கொண்டவர் சிரித்துக்கொண்டிருப்பார், போடாதவர் சொறிந்துகொண்டிருப்பார். பள்ளி விடுமுறைக் கணக்கில் பார்த்தால் மே கடைசி வாரத்து அரைப்பருவ விடுமுறைதான் எனக்கு முதல் தேர்வு. மழை ஒப்பீட்டளவில் குறைந்த காலம், மிட்ஜ் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கும், வெளிச்சமோ ராத்திரி பத்து மணிக்கும் இருக்கும். அது முடியாவிட்டால் ஆகஸ்ட் கடைசி. ஸ்காட்லாந்துப் பள்ளிகள் ஆகஸ்ட் நடுவிலேயே திறந்துவிடும், இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு இன்னும் லீவு இருக்கும், கூட்டம் கொஞ்சம் குறைந்திருக்கும். எப்போது போனாலும் திரைச்சீலை தடிப்பானதா என்று பாருங்கள், ஜூனில் காலை நாலரைக்கெல்லாம் வெயில் வந்து பிள்ளைகளை எழுப்பிவிடும்.

ஊர் சுற்றுவது பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டோர் பாறைத் தூண், குயிராங் மலைச்சரிவு, ஃபேரி பூல்ஸ் ஓடைக் குளங்கள் மூன்றுக்கும் காலை எட்டரைக்குள் போய்ச் சேராவிட்டால் கார் நிறுத்துவதற்கே ஒரு யுத்தம். கில்ட் ராக் பக்கத்தில் மீல்ட் அருவி 50 மீட்டருக்கு மேல் நேராகக் கடலில் விழுகிறது, காரை விட்டு இறங்கி சில அடி நடந்தால் பார்த்துவிடலாம், நடக்க முடியாத பெரியவர்களுக்கு அதுவே போதும். வயசானவர்களை நீஸ்ட் பாயிண்டில் கீழே வரை இறக்காதீர்கள், இறங்குவது சுலபம், திரும்பி ஏற வேண்டிய படிகள் மூச்சு வாங்கவைக்கும், மேலே நின்றே காட்சி நன்றாகத் தெரியும்.

நான் விரிவாகச் சொல்ல விரும்புவது கடல் ஏறி இறங்கும் நேரம் பற்றி. சென்னைக் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு இது புரியவே கொஞ்சம் நாளாகும், அங்கே கடல் ஏறியதும் இறங்கியதும் பெரிதாகத் தெரியாது. ஸ்கையிலோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நாலு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். காலையில் நீங்கள் பார்த்த மணல் பன்னிரண்டு மணிக்கு இருக்காது, பாறையைச் சுற்றி நடந்து போன வழி திரும்பும்போது தண்ணீருக்கடியில் இருக்கும். வீட்டில் அந்த ஊர்க் கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணை ஒன்று சுவரில் ஒட்டியிருப்பார்கள், இல்லாவிட்டால் சிக்னல் இருக்கும்போதே பார்த்து எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுவேன், அன்றைய நாள் அதை வைத்துத்தான். கடல் வற்றிக்கொண்டிருக்கும்போது போய், திரும்ப ஏறத் தொடங்குமுன் கிளம்புவது என்பது எங்கள் வீட்டு விதி. ஸ்டாஃபின் பக்கம் ஆன் கோரன் கடற்கரையில் டைனோசர் காலடித் தடங்கள் இருக்கின்றன, 16 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையவை, 2002-ல் அங்கே வசிப்பவர்கள் கண்ணில்தான் முதலில் பட்டது. கடல் நன்றாக வற்றினால்தான் தெரியும், அப்போதும் கோடையில் பெரும்பாலும் மணல் மூடியிருக்கும். பிள்ளைகளிடம் 'டைனோசர் பார்க்கப் போகிறோம்' என்று சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள், 'தேடப் போகிறோம்' என்று சொல்லுங்கள். கிடைத்தால் மூன்று விரல் பிரிந்த ஒரு பள்ளம், அதில் கடல் நீர் தேங்கி நிற்கும், பெரியவர் கையை விரித்து வைத்தாலும் அதைவிடப் பெரிது. கல்லைப் பெயர்த்து எடுப்பதெல்லாம் சட்டப்படி குற்றம். டன்வேகனுக்கு அப்பால் உள்ள பவளக் கடற்கரையும் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிடிக்கும். பெயர்தான் பவளம், உண்மையில் வெயிலில் வெளுத்த சுண்ணாம்புப் பாசி, கையில் அள்ளினால் உடைந்த ஜவ்வரிசி வடாம் மாதிரி இருக்கும். கார் நிறுத்துமிடத்திலிருந்து ஒரு மைல் நடை, வழியில் மாடு மேயும், தள்ளி நடந்தால் அதுபாட்டுக்கு மேயும்.

காற்றையும் சொல்ல வேண்டும். கார்க் கதவைத் திறக்கும்போது காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துத் திறங்கள், பிள்ளைகள் திறக்கவே வேண்டாம், ஒரு வீச்சில் கீலையே மடக்கிவிடும். வாடகைக் கார் என்றால் சொல்லவே வேண்டாம். வேலி இல்லாத மேட்டு வீட்டில் நடை பழகும் குழந்தை இருந்தால் எனக்குத் தூக்கம் வராது, வரைபடத்தின் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி வீட்டுக்கும் பாறை விளிம்புக்கும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பதிவு செய்வதற்கு முன்பே பார்த்துவிடுவேன்.

மொபைல் சிக்னல் பல இடங்களில் இருக்காது, வரைபடத்தை முன்னாடியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பதிவு செய்துவிட்டால், பேச முடியாத அளவு சிக்னல் குறைந்த இடத்திலும் குறுஞ்செய்தி மூலம் உதவி கேட்கலாம். கடலோரம் என்றால் கோஸ்ட்கார்டு எனும் கடலோரக் காவல் படை, மலை என்றால் முதலில் போலீஸைக் கேட்டு, பிறகு மலை மீட்புக் குழு. மருத்துவமனை பிராட்ஃபோர்டில் இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரி என்றால் இன்வர்னஸ்தான், காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஆகவே பெரியவர்களின் மருந்து கூடுதலாக ஒரு வாரத்துக்கு இருக்கட்டும். புல்லில் விளையாடிவிட்டு வந்தால் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்னால் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள், எடுப்பதற்கென்று ஒரு சின்னக் கொக்கி மருந்துக்கடையில் கிடைக்கும், தோலை ஒட்டிக் கொடுத்து இழுக்க வேண்டும், எண்ணெய் தடவுவது நெருப்பு வைப்பதெல்லாம் கூடாது.

வீட்டைத் திருப்பிக் கொடுக்கும் அன்று பத்து மணிக்குள் வெளியேறச் சொல்வார்கள், பெரும்பாலும் அதே சனிக்கிழமை நாலு மணிக்கு அடுத்த குடும்பம் வந்துவிடும், நடுவில் சுத்தம் செய்கிறவருக்கு உள்ள நேரம் அவ்வளவுதான். பத்தே காலுக்கு இட்லிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பது அழகில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரியே வெள்ளை மேடையில் மஞ்சள் கறை இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள், பேக்கிங் சோடாவைக் குழைத்துத் தடவி விட்டு வைத்தால் காலையில் பாதிக்கு மேல் போயிருக்கும். அநேக வீடுகளில் செப்டிக் டேங்க்தான், ஈரத் துடைப்பான், டயபர், சமையல் எண்ணெய் எதுவும் அதில் போகக் கூடாது. பொரித்த எண்ணெயைப் பழைய பாட்டிலில் ஊற்றி மூடிக் குப்பையில் போடுங்கள். ஸ்டவ்விலிருந்து சாம்பலை அள்ளிப் பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டாதீர்கள், உள்ளே கங்கு மறுநாள் வரை இருக்கும், இரும்பு வாளி வைத்திருப்பார்கள், அதில் போட்டு வெளியே வையுங்கள். எது எந்தத் தொட்டி என்று வீட்டுக் குறிப்பேட்டில் எழுதியிருக்கும். மிஞ்சிய பருப்பு, அரிசி திரும்பிக் காரில் ஏறட்டும், பெட்ரோலைப் பிராட்ஃபோர்டில் போட்டுக்கொள்ளுங்கள். வழிக்குப் புளிசாதம் முந்தைய நாளே கிளறி வைத்திருந்தால், எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பி வருகிற அந்தக் காலையில் மதியச் சாப்பாட்டுக்கு எங்கேயும் வரிசையில் நிற்க வேண்டியிருக்காது.